பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? – நாய் வளர்ப்பு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

(குமரி மாவட்டத்தின் அரசுக் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: எங்கள் வீடு குலசேகரம் அருகே ரப்பர் விளைக்குள் இருக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது. கணவர் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறார். நானும் பகலில் வேலைக்குப் போய்விடுவேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மாமியார் எங்களுடன் இருக்கிறார். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ரப்பர் பால்) இரண்டு முறை திருட்டுப் போனதால் ராட்வைலர் வாங்கலாம் என்கிறார் கணவர். மகன் ஹஸ்கி கேட்டு அடம்பிடிக்கிறான். எது நல்லது? – வாசகி, குலசேகரம்

இரண்டும் வேண்டாம், சகோதரி. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் கணவரின் விருப்பம் இருக்கிறது, மகனின் விருப்பம் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை அந்த நாயோடு இருக்கப் போகும் உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. நாய் வாங்குவதாக யார் வந்து சொன்னாலும் நான் முதலில் விசாரிப்பது பகலில் வீட்டில் இருப்பவரைத்தான். ராட்வைலர் கடுவன் (ஆண் நாய்) ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். அது ஒரு கீரியைக் கண்டு பாய்ந்தால் உங்களாலேயே சங்கிலியைப் பிடித்து நிறுத்த முடியாது. வயதான அவரால் எப்படி முடியும்?

அதைவிடப் பெரிய விஷயம், பால்வெட்டுக்கு வருபவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, மரத்துக்கு மரம் நடந்து போவார். இரவில் அவிழ்த்துவிட்ட காவல் நாயின் கண்ணுக்குத் திருடனும் அவரும் ஒன்றுதான். சுற்றுச்சுவர் இல்லாத விளையில் ராட்வைலரை அவிழ்த்துவிட்டால் முதலில் கடிபடுபவர், உங்கள் வீட்டுக்குச் சோறு போடும் அந்தத் தொழிலாளியாகத்தான் இருப்பார். தோட்டத்து வீடுகளிலிருந்து இப்படிக் கடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நாயை வளர்த்தாலும் அவர் கையால் அதற்குச் சில நாள் சாப்பாடு போடச் சொல்லுங்கள். தலைவிளக்கை எரியவிட்டபடியே போடச் சொல்லுங்கள். அந்த வெளிச்சமும் அவருடைய மணமும் அதற்குப் பழகிவிடும்.

ஹஸ்கி சைபீரியக் குளிரில் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட இனம். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் துணி காய்வதற்கே நாள் கணக்காகும். நனைந்த உள்ரோமம் காயாமல் தோல் புண்ணாகி, பூஞ்சை பிடித்து, நாற்றமடித்து நிற்கும் நாயைப் பார்க்க மனம் பொறுக்காது. அந்த வேதனையைப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம். மகனுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

சிப்பிப்பாறை வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரோமம் குட்டையானது, நம் வெயிலைத் தாங்கும், பார்க்கவும் அத்தனை அழகு. ஆனால் அது முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய். வேலியில்லாத இடத்தில் அடுத்த விளைக்காரரின் கோழியும் ஆட்டுக்குட்டியும் அதற்கு முயலாகவே தெரியும். கட்டியே வைத்தாலோ, ஓடப் பிறந்த உயிர் சங்கிலியில் கிடந்து குணம் கெட்டுப்போகும்.

உங்களுக்குப் பொருத்தமானது, ஒரு வயதை ஒட்டிய நாட்டு நாய். வளர்ந்தாலும் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது கிலோவுக்குள்தான் நிற்கும். அந்த வயதில் அதன் குணம் ஓரளவு தெரிந்துவிடும், செருப்பைக் கடிக்கும் பருவமும் தாண்டியிருக்கும். பெட்டையாகவே எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடுவன் என்றால் கை நீட்டும் ஊர், பெட்டைக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துச் சந்தை ஓரத்தில் விட்டுவிட்டுப் போகிறது. மழையில் ஊறிய அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை. கருத்தடை அறுவை செய்துவிட்டால் பெட்டை நாயால் ஒரு தொந்தரவும் இல்லை. குரைப்பதில் கடுவனுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஒட்டுப்பால் திருட வருபவனை விரட்ட ஒரு குரைப்பும், வீட்டுக்குள் எரியும் ஒரு விளக்கும் போதும்.

ரப்பர் வீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரப்பர் பாலை ஷீட்டாக உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலக் கேனை மூடி உயரத்தில் வையுங்கள். பாலும் அமிலமும் கலந்த தட்டுக் கழுவிய நீரை நாய் நக்கினால் வாயும் தொண்டையும் புண்ணாகலாம். ஒட்டுப்பாலைக் குட்டிகள் மென்று விளையாடி விழுங்கிவிடுவது உண்டு. அது செரிக்காது; குடலை அடைத்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். நாய் தின்றதையெல்லாம் கக்கிக்கொண்டே இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். லேப்ரடார் குட்டி வாங்க ஆசை. குடியிருப்போர் சங்கத்தில் எதிர்ப்பார்களோ என்று தயக்கம். – வாசகர், நாகர்கோவில்

சங்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். செல்லப்பிராணி வளர்க்கக்கூடாது என்று தடை போட சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாய் பொது இடத்தை அசுத்தம் செய்தால் அள்ளுவது உங்கள் பொறுப்பு.

எனக்குக் கவலை குட்டியைப் பற்றித்தான். இரண்டு மாதக் குட்டியால் சுமார் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நீங்கள் இருவரும் ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால் மாலை வரை அது தன் மூத்திரத்திலேயே கிடக்கும். லேப்ரடார் மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்வதற்காக உருவான இனம். முப்பது கிலோ உடம்பு, தினமும் ஓடித் தீர வேண்டிய துடிப்பு, தனிமை தாங்காத மனசு. பகல் முழுக்கத் தனியாக அடைத்தால் கதவைச் சுரண்டும், சோபாவைக் கிழிக்கும். பிறகு "இந்த நாய் சரியில்லை" என்று யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள். அதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், தம்பி.

உங்களில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நிலை வந்தாலோ, பெற்றோரில் யாராவது வந்து தங்கினாலோ மறுபடி எழுதுங்கள். அதுவரை வேண்டாம். சின்ன நாய்தானே என்று பக் வாங்கிவிடவும் வேண்டாம். அதன் மூக்கு உள்வாங்கியிருப்பதால் மூச்சு விடுவதே பாடு. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு அடியில் அதை அடைத்துவிட்டுப் போவது ஆபத்து.

கேள்வி: தூத்தூர் பக்கம் கடலோரத்தில் வீடு. கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம். காவலுக்கு நல்ல ஜாதி நாய் சொல்லுங்கள். – வாசகி

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, மகளே. ஆனால் உங்கள் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். வாசலில் இறங்கினால் பிள்ளைகள், வலை பின்னுகிறவர்கள், மீன் கூடைக்காரப் பெண்கள். அந்த நெருக்கத்தில் கடிக்கும் நாய் உங்களுக்கே வினையாகிவிடும். அயலாள் வந்தால் குரல் கொடுக்கும் நாய்தான் உங்களுக்கு வேண்டும்.

உங்கள் தெருவிலேயே தேடுங்கள். மீன் கழுவும்போது உங்கள் வாசலில் வந்து உட்காரும் நாய் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குத் தெருவில் எல்லாரையும் தெரியும். புதிய ஆளையும் தெரியும். அம்மாவோடு அது எப்படிப் பழகுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமாமல் இருந்தால், வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்து கொடுத்து வீட்டு நாயாக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசியை மறக்கக்கூடாது.

இப்போது உங்கள் கணவர் விஷயம். அவர் கடலில் இருக்கும்போது வந்த நாய்க்கு, திரும்பி வரும் அவர்தான் அயலாள். அவர் அடுத்த முறை கிளம்பும்போது துவைக்காத சட்டை ஒன்றை வாங்கி வைத்து, நாய் படுக்கும் இடத்தில் போடுங்கள். அவர் கரை சேர்ந்த அன்று நாயை நேருக்கு நேர் பார்க்காமல், குனிந்து தொடாமல், சோற்றுத் தட்டை மட்டும் அவர் கையால் வைக்கட்டும். தானாக வந்து மோந்து பார்க்கும்.

சாளை (மத்தி) மீனை வேகவைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். உப்பு அதிகம் என்பதால் கருவாடு வேண்டாம். இன்னொன்று முக்கியம்: தூண்டில் முள். இரையோடு கிடக்கும் முள்ளை நாய் விழுங்கிவிட்டு, வாயில் தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டிய இழை) தொங்க வந்து நிற்கும். அந்த நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், வெட்டியும் விடாதீர்கள். இழுத்தால் முள் உள்ளே கிழிக்கும். வெட்டினால் மருத்துவருக்குப் பிடிமானம் இருக்காது. நரம்பைக் கழுத்துப்பட்டையில் கட்டிக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. ரோமம் கொட்டாத நாய் வாங்கினால் பிரச்சினை இல்லையாமே? – வாசகர், தோவாளை

அப்படி ஒரு நாய் இல்லை. ஒவ்வாமை வருவது ரோமத்தால் அல்ல. உமிழ்நீரிலும் உதிரும் தோலிலும் இருக்கும் புரதத்தால்தான். பூடில் போன்றவற்றுக்கு ரோமம் குறைவாகக் கொட்டும், அவ்வளவுதான். மகளின் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், நாய் இருக்கும் உறவினர் வீட்டில் மகள் பல நாட்கள் தங்கிப் பார்க்கட்டும். வாங்கிய பிறகு திருப்பிக் கொடுப்பது நாய்க்கும் மகளுக்கும் வலி.

கேள்வி: அரை ஏக்கர் தென்னந்தோப்பு, சுற்றுச்சுவர் உண்டு, நான் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறேன். ராஜபாளையம் குட்டி பேசி வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து நாள் குட்டியைப் பஸ்ஸில் அனுப்பிவிடுவதாக விற்பவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா? – வாசகர், மார்த்தாண்டம்

ராஜபாளையம் வளர்க்க ஏற்ற வீடு உங்களுடையது, ஐயா. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. நம் மண்ணின் இனத்தை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பஸ்ஸில் அனுப்புவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் இருந்துதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரிந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பேரப்பிள்ளைகளின் கையில் கற்கும்.

எட்டு வாரம் ஆனதும் நேரில் போங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூட்டத்தில் இருக்கும் குட்டி மற்றவற்றைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும் என்பதால், உங்கள் குட்டியைத் தனியாக எடுத்து வைத்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது விறைக்க வேண்டும், தலை திரும்ப வேண்டும். வலமும் இடமும் மாறி நின்று செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியும் உண்டு. தோப்பில் எலி நடமாட்டம் இருக்கும். எனவே தடுப்பூசி போடும்போது எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.