பழைய ஜப்பானிய எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிச் சீரமைக்கலாமா?

1960களின் டெய்ஸ்கோ கிட்டார் ஒன்று மலிவாக வருகிறது, ஒலிதான் எழவில்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுத்து நேராக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் வளைவைத் திருத்தும் கம்பி கிடையாது. எனவே வளைந்த கழுத்தை நிமிர்த்துவது பெரும்பாடு.

1965 ஜனவரியில் அமெரிக்க கிட்டார் இசைக்குழுவான வெஞ்சர்ஸ் ஜப்பானில் வாசித்த பிறகு அங்கே ‘எலெகி’, அதாவது எலெக்ட்ரிக் கிட்டார் மோகம் தீயாய்ப் பரவியது. டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற நிறுவனங்கள் நான்கு பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் சுருள்கள்), வரிசை வரிசையாகச் சுவிட்சுகள் என்று மனம்போல் அடுக்கின. 1967இல் டெய்ஸ்கோவைக் கவாய் என்ற இசைக்கருவி நிறுவனம் வாங்கிய பிறகும், ஓவியரின் வண்ணத்தட்டு போன்ற ‘மே குவீன்’ மாடல் வந்தது. அந்தத் துணிச்சலுக்காகவே இவற்றை நேசிக்கிறேன்.

ஒலி வராததற்குப் பெரும்பாலும் சுவிட்சுகளே காரணம். உள்ளிருக்கும் தகடுகளில் களிம்பு ஏறியிருக்கும். மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு விட்டு, முப்பது முறையாவது முன்னும் பின்னும் தள்ளுங்கள். முதலில் கரகரக்கும், பிறகு தெளியும். அப்போதும் மௌனம் என்றால் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரைப் பிக்கப்பின் இரு கம்பிகளிலும் வையுங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடிருக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் ‘கோல்ட் ஃபாயில்’ (தங்கநிறத் தகடு) பிக்கப்பைப் பொருத்தியதிலிருந்து, பிக்கப்புக்காகவே முழு கிட்டாரையும் பிரித்து விற்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பழைய திருகுகளைக்கூட ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.