கேளுங்கள், சொல்கிறோம்: ஹைப்பர்கார்டில் உளவியல் சோதனையா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். 1990 வாக்கில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் "சோதனை ஹைப்பர்கார்டில் நடத்தப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது என்ன சமாச்சாரம்? ஆள் வைத்து புரோகிராம் எழுதினார்களா?
– வாசகி, கோவை

பதில்: ஆள் வைத்திருக்க வாய்ப்பு குறைவு. பேராசிரியரே உட்கார்ந்து செய்திருப்பார், இல்லையென்றால் உங்களைப் போல ஒரு மாணவி செய்திருப்பார். ஹைப்பர்கார்டின் அழகே அதுதான். அது ஒரு மென்பொருள்; ஆப்பிளின் புரோகிராமர் பில் அட்கின்சன் உருவாக்கி 1987 ஆகஸ்டில் ஆப்பிள் வெளியிட்டது, ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி புதிதாக வாங்கினால் கூடவே இலவசமாக வந்தது. ஒரு திரை என்பது ஒரு அட்டை, அட்டைகள் சேர்ந்தது ஒரு ஸ்டாக், அட்டை மேல் பட்டனும் எழுத்துப் பெட்டியும் வைக்கலாம், பட்டனை அழுத்தினால் எந்த அட்டைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடலாம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு நினைவாற்றல் சோதனையை யோசித்துப் பாருங்கள். அட்டைக்கு ஒரு சொல், ஒவ்வொன்றும் இரண்டு நொடி நிற்கும், கடைசி அட்டையில் ஒரு காலிப் பெட்டி, ஞாபகம் இருப்பதை அதில் டைப் செய்ய வேண்டும். பாஸ்கல் மாதிரி புரோகிராம் மொழி தெரியாத ஆளும் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. ஹைப்பர்கார்டின் மொழியான ஹைப்பர்டாக்கும் கிட்டத்தட்ட பேச்சு ஆங்கிலம்தான்: "புட் த டிக்ஸ் இன்டு ஸ்டார்ட்டைம்" என்று எழுதினால் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்.

பாடம் நடத்த இன்னும் வசதி. மாணவர் முதலில் சோதனைக்கு ஆளாக உட்காருவார், முடிந்ததும் பட்டனுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளை வரிகளைத் திறந்து தன்னை எப்படி அளந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். ஹைப்பர்கார்டில் பயனருக்கு எவ்வளவு அனுமதி என்பதை 1 முதல் 5 வரை பயனர் நிலையாக வைக்கலாம், ஸ்கிரிப்டைத் திறக்க அது 5-ல் இருக்க வேண்டும். பல பேர் பயந்துபோய் அதை 1-ல் பூட்டி வைத்தார்கள், என்னைக் கேட்டால் அது தப்பு.

கேள்வி: அதில் ஸ்ட்ரூப் சோதனை செய்ய முடியுமா?
– அதே வாசகி

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சிவப்பு மையில் "பச்சை" என்று எழுதிக் காட்டி மையின் நிறத்தைக் கேட்பதுதானே ஸ்ட்ரூப், 1935-ல் வந்தது. ஆனால் ஹைப்பர்கார்டு அடிப்படையில் கறுப்பு வெள்ளை! நிறம் வேண்டும் என்றவர்கள் 1989-ல் வந்த சூப்பர்கார்டு என்ற அதே மாதிரி மென்பொருள் பக்கம் போக வழி இருந்தது. கறுப்பு வெள்ளையிலேயே செய்ய வேண்டுமென்றால் எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம்: திரையில் "4 4 4" என்று காட்டி, எத்தனை இலக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். விடை மூன்று, ஆனால் வாய் நான்கு என்று சொல்லத் துடிக்கும். நீங்களே ஒரு தாளில் வேகமாகச் செய்து பாருங்கள், தடுமாறுவீர்கள்.

கேள்வி: அந்தக் காலத்து ரியாக்‌ஷன் டைம் (திரையில் பார்த்ததும் பட்டனை அழுத்த ஆகும் நேரம்) கணக்கை நம்பலாமா? எங்கள் துறையில் நம்பவே கூடாது என்கிறார்கள்.
– ஆய்வு மாணவர், சேலம்

பதில்: பாதி சரி. ஹைப்பர்டாக்கின் டிக் என்பது நொடியில் 60-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 16.7 மில்லி நொடி. 250 மில்லி நொடியில் பட்டனை அழுத்தினவரும் 260-ல் அழுத்தினவரும் ஒரே 15 டிக் என்று பதிவாகலாம். அதற்கு மேல் விசைப்பலகை, மவுஸ் எடுத்துக்கொள்ளும் தாமதம், ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து ஓட்டும் தாமதம் எல்லாம் சேரும்.

சரி, அப்படியென்றால் குப்பையா? இல்லை. ஒரே ஆளிடம் நூறு தடவை அளந்தால், அவருடைய வேகமே தடவைக்குத் தடவை டிக்கை விட அதிகமாக ஏறி இறங்கும், அதனால் சராசரியில் இந்தப் பிழை பெரும்பாலும் கரைந்துவிடும். மாறாத தாமதம், ஒப்பிடும் இரண்டு சோதனை நிலைக்கும் (சொல்லும் நிறமும் பொருந்துவது, பொருந்தாதது மாதிரி) சமமாகத்தான் சேரும், கழித்துப் பார்க்கும்போது போய்விடும். அதனால் ஒருவருக்குச் சரியாக இத்தனை மில்லி நொடி ஆனது என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், இரண்டு நிலைக்கு நடுவே 60, 70 மில்லி நொடி வித்தியாசம் என்றால் எத்தனை தடவை அளந்தார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். பத்து தடவைதான் என்றால் எனக்கும் நம்பிக்கை வராது.

கேள்வி: இன்றைக்கு எதைக் கற்றுக்கொள்வது?
– பலர்

பதில்: ஹைப்பர்கார்டு விற்பனை 2004-ல் நின்றுபோனது. சோதனைக்கு சைக்கோபை, பிரவுசரில் ஓட்ட ஜேஎஸ்சைக், இரண்டும் இலவச மென்பொருள். சைக்கோபையில் பில்டர் என்று ஒரு முகப்பு இருக்கிறது, பெட்டிகளை இழுத்துப் போட்டே சோதனை கட்டலாம். அது உருவாக்கும் பைத்தான் கோடையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.