எம்சிபியை மாற்றாதீர்கள், லைனை மாற்றுங்கள்

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். கேட் கீல், ஆட்டுப்பட்டித் தட்டி, கலப்பைக் கொழு என்று எதற்கெடுத்தாலும் பட்டறைக்கு ஓட வேண்டியிருப்பதால், 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். ஹாலில் இருக்கும் பவர் பிளக்கிலிருந்து 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டினால் இரண்டு ராடு எரிப்பதற்குள் போர்டில் எம்சிபி (சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது. மெஷின் பாடியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. எலக்ட்ரீஷியன், 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா? இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போடாதீர்கள். இந்த வரியை மட்டும் படித்துவிட்டு மீதியை அப்புறம் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

எம்சிபி இருப்பது மெஷினைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. உங்கள் ஹால் பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போயிருக்கும். பழைய வீடாக இருந்தால் 1.5 ஆகக்கூட இருக்கலாம். அந்த வயருக்கு 16 ஆம்பியர் எம்சிபி என்பது பொருந்திய ஜோடி. 32 போட்டால் எம்சிபி விழாது. அதற்குப் பதிலாக வயரின் மேலுறை பைப்புக்குள்ளேயே சூட்டில் இளகும். அன்றைக்கே தெரியாது. சில மாதம் கழித்து வேறு ஒரு நாள், வெல்டிங் மெஷினை எடுத்தே இருக்காத நேரத்தில், சுவிட்ச் பெட்டிக்குள் கருகிய நாற்றம் வரும்.

மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராடு எரியும்போது ஆர்க்கில், அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடரில், நிற்கும் வோல்டேஜைச் சொல்ல ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: 20-உடன், ஓடும் ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மில்லி ராடை 80 ஆம்பியரில் ஓட்டினால் 23.2 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய 1,850 வாட். மெஷினுக்குள் ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போகிறது. விலை குறைந்த சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.7 அளவில்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 230 வோல்ட் லைனிலிருந்து 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. 10 கேஜ், அதாவது 3.15 மில்லி ராடை 120 ஆம்பியரில் ஓட்டினால் அது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி விழாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. சாயங்காலம் உங்கள் பக்கம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால், அதே வேலைக்கு மெஷின் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். 23 என்பது 28 ஆகும். "காலையில் ஓடுகிறது, சாயங்காலம் எம்சிபி விழுகிறது" என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

எம்சிபி எப்போது விழுகிறது என்று கவனித்தீர்களா? சுவிட்சைப் போட்ட கணமே விழுந்தால், மெஷினுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிறையும்போது வரும் திடீர் வீச்சு காரணம். எம்சிபி பி வகையாக இருந்தால் அப்படி நடக்கும், அந்த வீச்சைத் தாங்கும் சி வகை போட வேண்டும். உங்களுக்கு விழுவது இரண்டு ராடுக்குப் பிறகு. அது உண்மையான சுமை. எம்சிபி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

ஆகவே மெயின் போர்டிலிருந்து வெல்டிங்குக்கென்றே தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 ஸ்கொயர் காப்பர் வயர், 25 ஆம்பியர் சி வகை எம்சிபி, முடிவில் நீல நிற 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். வேலை செய்யும் இடம் போர்டிலிருந்து 25, 30 மீட்டர் தள்ளி இருந்தால் 6 ஸ்கொயர். மெஷின் தகட்டில் உள்ளே இழுக்கும் ஆம்பியர் 'ஐ1' என்ற குறியோடு அச்சடித்திருக்கும். எலக்ட்ரீஷியன் லைன் போடுவதற்கு முன் அதைப் பார்க்கட்டும். அதே தகட்டில் 'எக்ஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். 200 ஆம்பியருக்கு நேராக 60 என்று இருந்தால், 40 டிகிரி வெப்பத்தில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் அந்த ஆம்பியரில் தொடர்ந்து ஓட்டலாம் என்று பொருள். பெட்டி மேல் பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், தகட்டை நம்புங்கள்.

லைன் எந்த மீட்டரிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கான இலவச இணைப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பம்புசெட்டுக்கு வாங்கிய இணைப்பில் வேறு வேலை செய்வது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அனுமதியில்லாப் பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். வீட்டு இணைப்பிலும் சொந்த வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கூலிக்குச் செய்யாதீர்கள். வீட்டு இணைப்பில் எவ்வளவு லோடு பதிவாகியிருக்கிறது என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த எக்ஸ்டென்ஷனை இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். 20 மீட்டர் 1.5 ஸ்கொயர் வயரில் 23 ஆம்பியர் ஓடினால் போக வர 11 வோல்ட் குறையும், வயர் முழுதும் சேர்ந்து 250 வாட் சூட்டைக் கக்கும். தரையில் நீட்டிப் போட்டிருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருளாக விட்டால் உள்ளேயே தங்கும். நான் வேலை கற்ற பட்டறையில் ஒருநாள் அவசரத்தில் பாதி அவிழ்த்த சுருளோடு ஓட்டினோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நடுவில் இருந்த ஏழெட்டுச் சுற்று ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தது. கத்தி வைத்துக்கூடப் பிரிக்க முடியவில்லை.

இனி அந்தச் சுருக்கென்ற ஷாக். இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இன்வெர்ட்டர் மெஷினுக்குள், இரைச்சலை வடிகட்டுவதற்காக, லைனுக்கும் பாடிக்கும் இடையே சிறு கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியாக வரும் சிறு கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடியில் நிற்கும், நீங்கள் தொட்டால் உங்கள் வழியாகப் போகும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லும் அளவு இல்லை. ஆனால் "இந்தப் பிளக்கில் எர்த் இல்லை" என்று மெஷின் உங்களிடம் சொல்லிவிட்டது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் கழன்று பாடியில் பட்டால் முழு 230 வோல்ட்டும் அங்கே காத்திருக்கும். மூன்றாவது பின்னுக்கு வயர் வந்திருக்கிறதா, அது எர்த் குழி வரைக்கும் போகிறதா, குழி காய்ந்து கிடக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அது சரியாகும் வரை மெஷினைத் தொட வேண்டாம்.

போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போடுங்கள். ஆனால் அது காப்பது மெஷின் வரைக்கும்தான். ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கம் வரும் மின்சாரம் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்டது. அங்கே உங்களுக்கு ஷாக் அடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது, விழாது. இது தெரியாமல் "ஆர்சிசிபி போட்டாச்சு, பயமில்லை" என்று ஈரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்க் எரியாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். உலர்ந்த கைக்கு அது உறைக்காது. சித்திரை வெயிலில் வியர்த்து நனைந்த பனியனோடு, இரும்புத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது வேறு கதை. ராடு மாற்றும் நேரம்தான் ஆபத்து. ஒரு கையில் ஹோல்டர், மறு கையில் புது ராடு, கால் இரும்பில். அப்போதும் இரண்டு கையிலும் உலர்ந்த தோல் கிளவுஸ் இருக்க வேண்டும். வியர்வையில் ஊறினால் மாற்ற இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கை ஓய வேண்டும் என்று ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

எர்த் கிளாம்ப் என்று நாம் சொல்வது உண்மையில் எர்த் அல்ல. ராடு வழியாகப் போன 100 ஆம்பியரும் மெஷினுக்குத் திரும்பி வரும் வழி அது. அதைப் பற்றவைக்கும் இரும்பிலேயே, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், பற்றுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கடியுங்கள். கிணற்றுப் பைப்பிலோ தூணின் கம்பியிலோ மாட்டினால் அத்தனை ஆம்பியரும் தனக்குத் தோன்றிய வழியில் திரும்பும். சில சமயம் வீட்டு எர்த் வயர் வழியாகவே திரும்பி அதை உருக்கிவிடும். டிராக்டரிலோ பைக்கிலோ பற்றவைத்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கிளாம்ப் தூரமாக இருந்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் போடும்.

கண்ணைப் பற்றி. பட்டறையில் சேர்ந்த முதல் மாதம், "ஒரு டேக்தானே" (டேக் என்பது பிடிப்புக்காக வைக்கும் பொட்டுப் பற்று) என்று ஷீல்டு பிடிக்காமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு ஐந்தாறு இடத்தில் டேக் வைத்தேன். சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. இரவு 2 மணிக்கு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிச்சலில் எழுந்தேன். விடியும் வரை கண்ணீர் நிற்கவில்லை. புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைப் பொசுக்கி, 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலியாகக் காட்டும். வந்துவிட்டால் இருட்டறை, குளிர்ந்த ஈரத்துணி, காலையில் கண் டாக்டர். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறும். தாய்ப்பால், உருளைக்கிழங்குத் துண்டு எதுவும் கண்ணுக்குள் போக வேண்டாம். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது இன்னும் மோசம், கருவிழியே புண்ணாகும்.

12 கேஜ் ராடுக்கு 10-ஆம் எண் கருப்புக் கண்ணாடி, 10 கேஜுக்கு 11. தானாகக் கருக்கும் ஹெல்மெட் வாங்கினால் புதிதாகக் கற்பவருக்கு மிகவும் உதவும், ராடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆர்க் பிடிக்கலாம். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இதே கண்தான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பட்டு எதிரொளித்தும் கதிர் வரும். சுற்றிலும் தார்ப்பாய் மறைப்புக் கட்டுங்கள், அது ஆர்க்கிலிருந்து எட்டித் தள்ளி இருக்கட்டும்.

ஆட்டுப்பட்டித் தட்டிக்கு ஜிஐ பைப் வாங்கியிருப்பீர்கள். அதன் மேல் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் பற்றுவதற்கு முன்பே வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. பால் குடித்தால் முறியும் என்பது நம்பிக்கை மட்டுமே. பற்றும் இடத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கிரைண்டரில் துத்தநாகத்தை எடுத்துவிடுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. காற்று முதுகுப்பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் வருமாறு நில்லுங்கள். சாதாரண இரும்பானாலும் புகை புகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது.

தீப்பொறி 35 அடி வரை போகும். வைக்கோற்போர், தென்னங்கீற்று, சாக்கு, டீசல் கேன் எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல். வேலை முடித்து ஒரு மணி நேரம் கழித்து அந்த இடத்தைத் திரும்பப் போய்ப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பழைய டீசல் அல்லது பூச்சிமருந்து டிரம் எதையும் பற்றவைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கழுவிக் காயவைத்தது என்று சொன்னாலும் வேண்டாம்.

பருத்தியில் முழுக்கைச் சட்டை, மடிப்பில்லாத பேண்ட், தோல் ஷூ. லுங்கியும் ரப்பர் செருப்பும் வேண்டாம். மெஷினைக் கிரைண்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுத்துப் போர்டு ஷார்ட் ஆகும். தோட்டத்து வீடென்றால் பல்லியும் எறும்பும் உள்ளே போகும். வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்.

கற்றுக்கொள்ள 6013 ராடு, 5 மில்லி பழைய தகடு. 10 கேஜுக்கு 100 ஆம்பியரில் தொடங்கித் தீக்குச்சி உரசுவது போல் உரசி, ராடின் கம்பி கனம் அளவுக்குத்தான் மேலே தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் பதறாமல் கையைத் திருப்பி ஒடித்து எடுங்கள், வராவிட்டால் ஹோல்டரிலிருந்து ராடை விட்டுவிடுங்கள். சரியான ஆர்க் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் போடும். பற்றின் மேல் படியும் ஸ்லாக் என்ற கசடைத் தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி கட்டாயம். கொதிக்கிற கசடு கண்ணைத் தேடி வரும். 50 ராடு தகட்டில் எரித்த பிறகு கேட்டுக்கு வாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், ஊஞ்சல், டிரெய்லர் கொக்கி போல ஆள் உயிர் தொங்குகிற வேலைகளை இப்போதைக்குப் பட்டறைக்கே அனுப்புங்கள்.

உங்கள் கேட் கீலுக்கு வருவோம். கேட்டுக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்து எடையை இறக்குங்கள். கீலிலிருக்கும் பழைய கிரீஸை முழுதும் துடைத்து, பெயிண்டைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, மேலே ஒரு டேக், கீழே ஒரு டேக் வைத்து, முட்டுக் கட்டையை எடுத்துக் கேட்டை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். இடிக்கவில்லை என்றால் மறுபடி முட்டுக் கொடுத்து முழுப் பற்று வையுங்கள். பற்று ஆறிய பிறகுதான் கீலுக்குக் கிரீஸ்.