மேலே ஓடிப்போன எர்ரர்

அன்புள்ள ஐயா,

உபுண்டுவில் கிட்டி டெர்மினலுக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. பெரிய புராஜெக்டை பில்ட் செய்தால் முதல் எர்ரர் மேலே ஓடிவிடுகிறது. மவுஸை உருட்டித் தேடிப் போனால் சில நேரம் அந்த வரியே இல்லை. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் உள்ள சர்வருக்குள் போனால் நானோ எடிட்டர் திறக்க மறுக்கிறது. பழைய டெர்மினலுக்கே திரும்பிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

திரும்ப வேண்டாம், உருட்டுவதை மட்டும் விடுங்கள். பில்ட் முடிந்ததும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஜி அழுத்துங்கள். கடைசிக் கட்டளையின் வெளியீடு மட்டும் தனியாக லெஸ் என்ற, உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரலில் திறக்கும். அங்கே சின்ன ஜி அடித்தால் தலைப்பகுதி. சாய்கோடு போட்டு எர்ரர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் முதலாவது வந்து நிற்கும். கியூ அடித்து வெளியே வரலாம். நான்கைந்து கட்டளைக்கு முந்தைய வெளியீடு வேண்டுமா? கன்ட்ரோல்-ஷிஃப்ட்-இசட் ஒவ்வொரு பிராம்ப்டாக, அதாவது கட்டளை தட்டும் வரி வரியாக, மேலே தாவும்; கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எக்ஸ் கீழே. கிட்டியில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்தான் ஷெல். பாஷ், இசட்எஸ்எச், ஃபிஷ் ஆகிய மூன்று ஷெல்களிலும் பிராம்ப்ட் வரும் இடத்தில் ஷெல் ஓர் அடையாளக்குறியைக் கண்ணுக்குத் தெரியாமல் டெர்மினலுக்கு அனுப்புகிறது. அதை வைத்துத்தான் இந்தத் தாவல். ஒரே டெர்மினலைப் பல திரைகளாகப் பிரிக்கும் டீமக்ஸுக்குள் இருந்தாலோ, ஷெல்லுக்குள் இன்னொரு ஷெல் திறந்திருந்தாலோ குறி வந்து சேராது, சாவியும் வேலை செய்யாது.

வரி காணாமல் போவது வேறு கதை. கிட்டி நினைவில் வைப்பது இயல்பாக 2000 வரிகள்தான். பெரிய பில்டுக்கு அது போதாது. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்2 அழுத்தினால் கிட்டியின் அமைப்புக் கோப்பான கிட்டி.கான்ஃப் திறக்கும். அதில் ஸ்க்ரோல்பேக்_லைன்ஸ் மதிப்பை 20000 ஆக்குங்கள். மைனஸ் எண் கொடுத்தால் எல்லையே கிடையாது, ஆனால் ரேமைத் தின்றுவிடும். சேமித்து, கோப்பை மறுபடி ஏற்ற கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்5 அழுத்திய பிறகும் திறந்திருக்கும் விண்டோவில் மாற்றம் தெரியாது. புதிதாக ஒன்று திறந்து பாருங்கள்.

நானோ மறுப்பதற்குக் காரணம், கிட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று அறிமுகப்படுத்திக்கொள்வது. சர்வர் தனக்குத் தெரிந்த டெர்மினல்களைக் குறித்துவைக்கும் டெர்ம்இன்ஃபோ பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. வெறும் எஸ்எஸ்எச் என்பதற்குப் பதில் முன்னால் கிட்டன் (கிட்டியோடு வரும் துணைக் கருவி) சேர்த்து, கிட்டன் எஸ்எஸ்எச் என்று கொடுங்கள். தேவையான கோப்பை அதுவே அங்கே கொண்டுபோய் வைக்கும். அந்தக் கோப்பு சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டரில்தான் இருக்கும். ஆகவே சூடோ போட்டு ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) நானோவைத் திறந்தால் பழைய தகராறு திரும்பவும் வரலாம். அப்போது அந்த ஒரு கட்டளைக்கு மட்டும், டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் மாறியின் மதிப்பை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கொடுத்துவிடுங்கள்.