கம்யூனிட்டி கல்லூரி வழியே – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீங்கள் கலிஃபோர்னியாவில் இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி கல்லூரி ஒன்றில் மாலை வகுப்புகளில் கணக்கு நடத்தியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி விசா, பச்சை அட்டைக்காகக் காத்திருக்கிறோம். ஆறு வயதில் இங்கே வந்த மகன் இந்த ஜூனில் பள்ளி முடித்தான். நல்ல மதிப்பெண்தான். யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ, அர்வைன் வளாகங்கள் எல்லாவற்றிலும் கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது, ஆனால் அந்தக் கட்டணத்துக்கு வீட்டை அடகு வைக்க வேண்டும். “டி ஆன்சா கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூ.சி.க்கு டிரான்ஸ்ஃபர் ஆகிறேன்” என்கிறான் மகன். அவன் தெளிவாக இருக்கிறான். எங்களுக்குத்தான் தூக்கம் இல்லை. ஊருக்குப் பேசும்போது என் கணவர் “கலிஃபோர்னியாவில் சேர்ந்துவிட்டான்” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார். போன வாரம் நாத்தனார் கேட்டபோது நானும் அதையே சொன்னேன்.

இந்த வழியை நம்பலாமா? கடைசியில் வரும் பட்டத்தில் இது தெரியுமா? சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறேன், அதற்குத்தான் பதில் சின்னது. பட்டத்தில் தெரியாது. யூ.சி.யில் முடிப்பவருக்கு யூ.சி. பட்டம். முதல் ஆண்டிலேயே வந்தவருக்கும் மூன்றாம் ஆண்டில் வந்தவருக்கும் ஒரே தாள், ஒரே கையெழுத்து. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள், அவ்வளவுதான்.

நம்பலாமா என்றால், இது ஓட்டை வழியாக நுழைவது அல்ல. 1960இல் கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் படிப்பில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்கினருக்கு யூ.சி., மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. அங்கே நன்றாகப் படிப்பவர் மூன்றாம் ஆண்டில் மேலே ஏறலாம் என்பதையும் அந்தத் திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பதினேழு வயதில் ஒரு பிள்ளையின் தகுதியை முடிவுகட்டிவிட முடியாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி கல்லூரிகள். யூ.சி. புதிதாகச் சேர்க்கும் இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பது கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிகளிலிருந்தே வருகிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் கொலராடோவில் ஓராண்டு படித்து, பிறகு உங்கள் மகன் சேரப்போகும் அதே டி ஆன்சாவில் படித்து, 1971இல் பெர்க்லிக்குப் போனவர். அந்தக் கல்லூரி இருக்கும் கூப்பர்டினோ பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு இது தெரியாது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இனி நல்ல செய்தி இல்லாத பகுதி. டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் சேர்ந்தவர்களில், நான்கு ஆண்டுகளுக்குள் அப்படி மாறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். மாநிலத் தணிக்கையாளர் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்வது இது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள், ஆனால் மறைத்துவிடவும் மாட்டேன். அந்த ஐந்து பேரில் பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஒரே ஒரு பாடம் எடுப்பவர் உண்டு, இரண்டு குழந்தைகளின் தாய் உண்டு, ராணுவத்திலிருந்து திரும்பியவர் உண்டு. உங்கள் மகனுக்கு அந்தச் சுமைகள் இல்லை. அவனுக்கு வரக்கூடிய ஆபத்து வேறு.

என் வகுப்பில் நான் கவலையோடு பார்த்த மாணவர்கள் கணக்கு வராதவர்கள் அல்ல. கணக்கு வராதவர் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். கவலை தந்தவர்கள், ‘நான் இங்கே இருக்க வேண்டியவனே இல்லை’ என்ற முகத்தோடு வந்த நல்ல மாணவர்கள். வகுப்பு முடிந்ததும் காருக்கு ஓடுவார்கள். யாரோடும் சேர்ந்து படிக்க மாட்டார்கள். ஆலோசகரைப் பார்க்கப் போக மாட்டார்கள், போனால் அந்தக் கல்லூரி மாணவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா. தங்கள் தரத்துக்குக் கீழானது என்று நினைத்த இடத்தில் ஒரு சி வாங்கியதும் அதிர்ந்துபோய் அடுத்த பாடத்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள். இந்த முகம் பிள்ளைகளுக்குத் தானாக வருவதில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்வியை நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய கேள்வியாகப் பார்க்கிறேன். உங்கள் கணவர் தொலைபேசியில் பேச்சை மாற்றுவது அடுத்த அறையில் இருக்கும் பையனுக்குக் கேட்கும். கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள். புரியாமல் கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லிவிடலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இன்று நல்ல நிலையில் இருக்கும் பொறியாளர் ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் சேர்ந்தபோதும் சிலர் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.

இப்போது மகனுக்கு. இதை அவனிடமே படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, ‘இரண்டு வருடம்’ என்று சொல்கிறாயே, அது இரண்டு வருடம் இல்லை. யூ.சி.க்கான டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், அக்டோபர், நவம்பரில் அனுப்ப வேண்டும். அப்போது உன் கையில் இருப்பது முதல் ஆண்டின் மதிப்பெண்ணும், கோடையில் ஏதாவது படித்திருந்தால் அதுவும்தான். இலையுதிர் பருவ மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்க்கலாம். மற்றபடி உன் வழக்கை நடத்துவது முதல் ஆண்டு. பள்ளியில் பிந்தியதை மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று செப்டம்பரில் சோம்பி உட்கார்ந்தால் வண்டி போய்விடும்.

பாடங்களை மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடு. எந்த வளாகம், எந்தத் துறை என்பதை முதலில் முடிவு செய். பிறகு அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் உன் கல்லூரியையும் அந்த வளாகத்தையும் துறையையும் கொடுத்தால், இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிவரியாக வரும். கணினி அறிவியல் என்றால் பெரும்பாலும் கால்குலஸ் வரிசை முழுவதும், நேரியல் இயற்கணிதம், நிரல் எழுதும் பாடங்கள், பல வளாகங்களுக்கு இயற்பியலும் இருக்கும். பெர்க்லிக்கு வேண்டியதும் டேவிஸுக்கு வேண்டியதும் ஒன்றல்ல. அந்தப் பட்டியல்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக வருவதை முதலில் முடி.

டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை, ஒரு பருவம் ஏறத்தாழ மூன்று மாதம். கால்குலஸ் நான்கு குவார்ட்டர்களாக ஓடும், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஒன்றில் இடம் கிடைக்காமல் போனாலோ பாதியில் விட்டாலோ, பின்னால் இருப்பவை எல்லாம் தள்ளிப்போகும். பாடப் பதிவில் முன்னுரிமை வேண்டுமானால் அறிமுக வகுப்பை முடித்து, ஆலோசகரோடு உட்கார்ந்து படிப்புத் திட்டத்தைப் போட்டுவைத்திருக்க வேண்டும். பலர் இதை வெறும் சடங்கு என்று நினைத்துத் தள்ளிப்போட்டு, கடைசியில் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறார்கள். கோடையில் வேறு கல்லூரியில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது செமஸ்டர் முறைக் கல்லூரியா என்று முதலில் பார். கால்குலஸைப் பாதி இங்கே, பாதி அங்கே படித்தால் இரண்டு துண்டுகளும் பொருந்தாமல் போகக்கூடும்.

யூ.சி.யின் ஆறு வளாகங்கள் சேர்க்கைக்கு உத்தரவாதம் தருகின்றன. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். மாணவர்கள் இதை ‘டாக்’ என்பார்கள். விதித்த பாடங்களையும் மதிப்பெண் சராசரியையும் எட்டினால் இடம் உறுதி. ஆறில் ஒன்றுக்கு மட்டும்தான் கேட்க முடியும், அதற்கான விண்ணப்பம் செப்டம்பரிலேயே போக வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ இதில் இல்லை. கணினி அறிவியல் போன்ற நெரிசலான துறைகளைச் சில வளாகங்கள் உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன, அந்தப் பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் உத்தரவாதம் ஒன்று, ஆசைப்படுவது இரண்டு மூன்று என்று கலந்து விண்ணப்பி. பெர்க்லி கணினி அறிவியலை மட்டும் குறிவைத்து இந்த வழியில் இறங்குவது சூதாட்டம். கணிதம், புள்ளியியல், தரவு அறிவியல் என்று பக்கத்துத் துறைகளையும் திறந்த மனதோடு பார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. யூ.சி.க்குப் போகும்போது உன் யூனிட்டுகள், அதாவது முடித்த பாடங்களின் அளவு, கூடவே வரும், மதிப்பெண் சராசரி வராது. அங்கே கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதுவும் நேராகக் கடினமான மூன்றாம் ஆண்டுப் பாடங்களில். முதல் பருவத்தில் தடுமாறாதவர் குறைவு. அறிமுகமான முகங்கள் இருக்காது, மற்றவர்கள் இரண்டு வருடமாக நட்பு பிடித்திருப்பார்கள். இதில் ஓர் இழப்பு இருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சகோதரி, மறுபடி உங்களுக்கு. கட்டணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், டி ஆன்சா போன்ற குவார்ட்டர் கல்லூரியில் 31. முழுநேரமாகப் படித்தாலும் ஆண்டுக்குச் சுமார் 1,400 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. யூ.சி.யின் படிப்புக் கட்டணம் அதைப்போலப் பத்து மடங்கு. மகன் வீட்டிலேயே இருப்பதால் மிச்சமாகும் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் மனம் மாறி தனியார் கல்லூரிக்கோ வெளிமாநிலத்துக்கோ மாறினால் இந்தக் கணக்கு குலையும். அசிஸ்ட் பட்டியல் அங்கே செல்லாது, ஒவ்வொரு பாடமாக எடைபோடுவார்கள். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் நாடு முழுவதும் சராசரியாக 43 சதவீத யூனிட்டுகளை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. நான்கு வருடம் ஆறாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இது உங்கள் விசாவைப் பற்றியது. மகன் இப்போது எச்-1பி குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பான். 21 வயதானதும் அது முடிகிறது. பச்சை அட்டை விண்ணப்பத்தின் நிலையைப் பொறுத்துச் சிலருக்குச் சட்டப்படி வயதில் கழிவு கிடைக்கும், அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கழிவு கிடைக்காமல் மாணவர் விசாவுக்கு மாற நேர்ந்தால், அவன் மாநிலவாசி என்ற கணக்கிலிருந்து வெளியேற வேண்டிவரும். யூ.சி.யில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். இந்த வழியில் போனால் 21 வயது சரியாக யூ.சி.யின் முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ விழுகிறது, மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் வசிப்பிடத் தகுதியைப் பற்றிப் பேசுங்கள். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் மகனின் பிறந்த தேதியையும் பச்சை அட்டை வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியையும் கொடுத்துக் கேளுங்கள். இந்தக் கோடையிலேயே கேளுங்கள், இப்போதென்றால் திட்டத்தை மாற்றிக்கொள்ள மூன்று வருடம் கையில் இருக்கிறது.