இலவச மெஷின் இருக்கட்டும், அறுவடை நேரத்தில் காசு கொடுங்கள்

கேள்வி: சேலத்தில் சத்துமாவு தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். வருடத்துக்கு 60 டன் கேழ்வரகு தேவைப்படுகிறது. இதுவரை மண்டி வியாபாரி ஒருவரிடம் 30 நாள் கடனில் வாங்கிவருகிறேன். தர்மபுரி பக்கம் 400 விவசாயிகள் சேர்ந்த ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தினர், தங்களிடம் வாங்கச் சொல்லிக் கேட்கிறார்கள். வாங்க விருப்பம்தான். கூடவே ஏதாவது உதவியும் செய்ய நினைக்கிறோம். பங்கு வாங்கி உள்ளே வரலாமா, அல்லது கல் நீக்கும் மெஷின் ஒன்றை இலவசமாகக் கொடுக்கலாமா?

பதில்: பங்கு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வாங்க முடியாது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் விளைவிப்பவர்களும் அவர்களுடைய அமைப்புகளும் மட்டுமே பங்குதாரர் ஆகலாம் என்பது கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் பெரிய கொள்முதல்காரர் ஒருவர் பணத்தைப் போட்டு நிறுவனத்தையே கையில் எடுத்துக்கொள்வார்.

மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். அதற்கு முன், அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பேரும் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு கட்டியிருந்தால் 4 லட்சம். இத்தகைய நிறுவனங்களுக்காக 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்ததாக இருந்தால், அதற்கு ஈடாக இன்னொரு 4 லட்சம் பங்கு மானியம் கிடைக்கும். ஆக, கையிருப்பு 8 லட்சம். உங்களுக்கு வேண்டிய 60 டன்னை 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலையில், அதாவது குவிண்டால் 4,886 ரூபாய்க்கு வாங்கினாலும் 29 லட்சத்துக்கு மேல் ஆகும். நீங்கள் வருடம் முழுக்க மாதம் 5 டன்னாக எடுப்பீர்கள். மானாவாரிக் கேழ்வரகோ கார்த்திகை, மார்கழியில் மொத்தமாக வந்து இறங்கும். விவசாயிக்கு எடை போட்ட இடத்திலேயே காசு வேண்டும். அன்று நிறுவனத்திடம் பணம் இல்லையென்றால், களத்துமேட்டில் ரொக்கத்தோடு நிற்கும் வியாபாரிக்கு மூட்டை போய்விடும். உறுப்பினர்கள் வெளியில் விற்றுவிடுகிறார்கள் என்று வாங்குபவர்கள் குறைப்படுவார்கள். பெரும்பாலும் அது விசுவாசக் குறைவு இல்லை, ரொக்கக் குறைவு.

ஆகவே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வாங்கும் முறையை மாற்றுவதுதான். வியாபாரி உங்களுக்குத் தந்த 30 நாள் கடனை இவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள். விதைப்புக்கு முன்பே எழுத்தில் ஆர்டர் கொடுங்கள். அறுவடை தொடங்கும்போது ஆர்டர் மதிப்பில் கால்வாசியை முன்பணமாக அனுப்புங்கள். சரக்கு உங்கள் கிடங்கில் இறங்கி, ஈரமும் தூசியும் பார்த்து முடித்த ஒரு வாரத்தில் மீதியைக் கொடுங்கள். இந்த முன்பணத்துக்கு உங்களுக்கு வட்டிச் செலவு உண்டு. அதுதான் நீங்கள் தரும் உண்மையான நன்கொடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

60 டன்னையும் ஒரே நேரத்தில் வாங்கிவைக்க உங்களாலும் முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. பதிவு பெற்ற கிடங்கில் உழவர் நிறுவனம் தன் பெயரில் சரக்கை வைத்தால் மின்னணுக் கிடங்கு ரசீது கிடைக்கும். அதை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கி விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்துவிடலாம். நீங்கள் மாதாமாதம் எடுக்க எடுக்கக் கடன் அடையும். கிடங்கு வாடகையிலும் வட்டியிலும் பாதியை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள். உங்கள் கொள்முதல் ஆர்டர் கையில் இருந்தால் வங்கி மேலாளரும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவார்.

விலையை ஒரே எண்ணாக நிர்ணயிக்க வேண்டாம். சந்தை ஏறினால் அவர்கள் ஓடுவார்கள், இறங்கினால் நீங்கள் ஓடுவீர்கள். கீழ்வரம்பாக ஆதரவு விலையை வையுங்கள். அதற்கு மேல், பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாரச் சராசரி விலையை ஒட்டிக் கொடுப்பதாக எழுதுங்கள். விவசாயிக்குத் தரும் விலை போக, நிறுவனத்துக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் தனியாகக் கொடுங்கள். 60 டன்னுக்கு வருடம் 1,20,000 ரூபாய், மாதம் 10,000 ரூபாய் ஆகிறது. அரசுத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 3 வருடத்துக்கு அதிகபட்சம் 18 லட்சம்தான். அந்தப் பணம் நின்றதும் முதன்மைச் செயல் அலுவலருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தள்ளாடும் நிறுவனங்கள் பல. உங்கள் 10,000 முழுச் சம்பளம் ஆகாதுதான், ஆனால் மானியம் நின்ற பிறகும் வருகிற பணம் அது.

விதைப்புக்கு முன்பே விலையோடு ஒப்பந்தம் போடுவதற்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இருக்கிறது. மாவட்ட வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

இப்போது மெஷினுக்கு வருவோம். மும்முனை மின்சாரம், இயக்க ஆள், ரிப்பேர் செலவு மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை கொடுக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்ட மறுநாளிலிருந்து தார்ப்பாய்க்குள் தூங்கும் மெஷின்களை நிறையப் பார்த்தாயிற்று. முதல் வருடம் தார்ப்பாய்களும், ஒரு ஈரப்பதமானியும், நல்ல மின்னணுத் தராசும் போதும். கேழ்வரகில் கல்லும் மண்ணும் சேர்வது பெரும்பாலும் தார் ரோட்டிலும் மண் களத்திலும் காயவைப்பதால்தான். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பாமல், எவ்வளவு கழிப்பீர்கள் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை கொடுங்கள். பிற்பாடு மெஷின் அவசியம் என்று தெரிந்தால், மத்திய அரசின் வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்குமா என்று வங்கியில் விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்களே சொந்தமாக வாங்கட்டும், நீங்கள் வேலையைக் கொடுங்கள்.

அப்புறம், சமூகப் பொறுப்பு நிதிக் (CSR) கணக்கில் இதைக் காட்டலாமா என்று உங்கள் ஆடிட்டர் கேட்கக்கூடும். வழக்கமான வியாபாரக் கொள்முதலை அதில் சேர்க்க முடியாது. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஒன்றையாவது எட்டும் கம்பெனிகளுக்குத்தான் அந்த நிதியைச் செலவிட வேண்டிய கட்டாயமே.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விளைச்சல் முழுவதையும் கேட்காதீர்கள். 400 குடும்பத்துக்கு 60 டன் என்றால் வீட்டுக்குச் சராசரியாக 150 கிலோ. சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்துவைத்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஆர்டரின் அளவை முடிவு செய்யுங்கள். 2023-இல் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. விளைகிற ஊரிலேயே களியும் கூழும் தட்டை விட்டுப் போய்விடக் கூடாது. கேழ்வரகோடு ஊடுபயிராகப் போடும் மொச்சையையும் துவரையையும் கொஞ்சம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். கேழ்வரகுக்கு மட்டும் விலை கிடைத்தால் ஊடுபயிர் காணாமல் போகும், வீட்டுக் குழம்பில் பருப்பும் குறையும்.

ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: போன பருவத்தில் 400 பேரில் எத்தனை பேர் நிறுவனத்துக்கு விற்றார்கள்? பட்டியலைக் காட்டத் தயங்கினால் கவனம். வியாபாரிகள் பின்னால் இருந்து நடத்தும் பெயரளவு நிறுவனங்களும் உண்டு. தணிக்கை அறிக்கையையும் பொதுக்குழுத் தீர்மானப் புத்தகத்தையும் பார்த்துவிடுங்கள்.

முதல் வருடம் 60 டன்னையும் இவர்களிடம் விட வேண்டாம். 15 டன்னில் ஆரம்பியுங்கள். மீதியைப் பழைய வியாபாரியிடமே வாங்குங்கள், அவரிடம் விஷயத்தைச் சொல்லியும்விடுங்கள். மழை பொய்த்த வருடம் அவர் உதவி தேவைப்படும்.