புகை நுரையீரலோடு நிற்பதில்லை: இதய நோயும் காற்று மாசும், கேள்வி பதில்

இதயப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் என்பதால், காற்று மாசு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். யாருடைய மாத்திரையையும் இங்கே மாற்றிச் சொல்ல மாட்டேன், அதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மணலியிலிருந்து ஒருவர்: புகையால் இருமல் வரும், மூச்சு வாங்கும், சரி. அது நுரையீரலுக்குத்தானே போகிறது? மாரடைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

நுரையீரலோடு நின்றால் எனக்கு வேலை பாதி குறைந்திருக்கும் ஐயா. பி.எம். 2.5 என்று சொல்கிறோமே, புகையோடு காற்றில் மிதக்கும் அந்த நுண்ணிய துகள் தலைமுடியின் தடிமனில் இருபது முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அதைவிடப் பொடியானவை ரத்தத்துக்குள்ளேயே இறங்கும்.

இதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் அழகாகக் காட்டினார்கள். 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆரோக்கியமான சிலரை மிக நுண்ணிய தங்கத் துகள்களைச் சுவாசிக்கச் சொன்னார்கள். தங்கம் உடலில் எதோடும் வினைபுரியாது, எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். 15 நிமிடத்தில் ரத்தத்தில் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. கழுத்து ரத்தக் குழாயில் அறுவை செய்துகொள்ள இருந்த நோயாளிகளுக்கும் அதே மாதிரி கொடுத்துப் பார்த்தார்கள். குழாயை அடைத்திருந்த கொழுப்புப் படிவை வெட்டி எடுத்தபோது அதற்குள்ளும் தங்கம் இருந்தது. எங்கே ஏற்கனவே புண்ணாகியிருக்கிறதோ அங்கேயே போய் உட்கார்கிறது.

தங்கத்துக்குப் பதில் கரியும் உலோகத் தூளும் போனால் என்ன ஆகும்? ரத்தக் குழாயின் உட்சுவர் அழற்சி அடைகிறது, குழாய் விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரிவதில்லை, பிரஷர் ஏறுகிறது, ரத்தம் எளிதாக உறைகிறது. மாரடைப்பு வருவதற்கு வேண்டியது எல்லாம் இதில் வந்துவிட்டது.

அவரே: எனக்கு சுகர், பிரஷர் இல்லை. சிகரெட் பழக்கமும் இல்லை. புகையால் மட்டும் மாரடைப்பு வருமா?

உங்கள் ஒருவரைக் காட்டி ஆமாம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் முழுக்கப் பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நிலக்கரிப் புகை அப்படியே தேங்கி நின்றது. முதலில் சுமார் 4,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள், பிற்காலக் கணக்கு 12,000 வரை போகிறது. நுரையீரல் நோயாளிகளோடு இதய நோயாளிகளும் அதில் இருந்தார்கள். ஆனால் ஒன்று: சுகரோ பிரஷரோ இருப்பவர் மேல் புகையும் சேரும்போதுதான் அடி பலமாக விழுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் ஆட்டோ ஓட்டுநர்: இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறேன் மேடம். நாள் முழுக்க கன்டெய்னர் லாரிக்கு நடுவில்தான் பிழைப்பு. என்ன செய்யலாம்?

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் நிறைய ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் முந்தைய சில நாட்களில் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். போக்குவரத்துக்குள் இருந்த பிறகு வரும் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. காரில் போனவர், பஸ்ஸில் போனவர், சைக்கிளில் போனவர் எல்லாருக்கும் இதே கதைதான். இதில் இரைச்சலுக்கும் டென்ஷனுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் 2007-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களை டீசல் புகை கலந்த காற்றில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சுத்தமான காற்றில் மிதித்தபோது இருந்ததைவிட, இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பது ஈசிஜியில் அதிகமாகத் தெரிந்தது. அங்கே ஹாரன் சத்தம் எதுவும் இல்லை, புகை மட்டும்தான்.

தொழிலை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சிக்னலில் லாரியின் சைலன்சருக்கு நேர் பின்னால் நிறுத்தாதீர்கள், ஒரு வண்டி இடம் விட்டு நில்லுங்கள். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்திலாவது மெயின் ரோட்டை விட்டு உள்தெருவுக்குப் போங்கள். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை, துணி மாஸ்க் இந்தத் துகளுக்குப் பிரயோஜனமில்லை. பெய்ஜிங்கில் இதய நோயாளிகள் நல்ல மாஸ்க் போட்டு நடந்தபோது பிரஷர் குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டென்டுக்குக் கொடுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடாதீர்கள்.

அம்பத்தூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: காற்று மோசம் என்று வாக்கிங்கை நிறுத்திவிடலாமா?

வேண்டவே வேண்டாம் சார், பாதையை மட்டும் மாற்றுங்கள். லண்டனில் 60 வயதைத் தாண்டியவர்களை இரண்டு மணி நேரம் ஹைட் பார்க்கில் நடக்க வைத்தார்கள், இன்னொரு நாள் டீசல் பஸ் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில். பூங்காவில் நடந்தபோது ரத்தக் குழாயின் விறைப்பு நன்றாகக் குறைந்தது. தெருவில் நடந்தபோது அந்த லாபத்தில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. நடை அதே நடைதான்.

பஸ் போகும் சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனாலே வித்தியாசம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் குளிர்காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைத்திருக்கும், வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். போகி காலையிலும் தீபாவளி இரவிலும் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

கோவை, ஐடி ஊழியர்: காற்றுத் தரக் குறியீடு 90, 'திருப்திகரம்' என்று வருகிறது. நம்பலாமா?

இதய நோயாளி அந்தச் சொல்லை நம்பி இருக்கக் கூடாது. நம் நாட்டுக் கணக்கில் 24 மணி நேர பி.எம். 2.5 கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை 'திருப்திகரம்'தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு 15. ஆண்டுச் சராசரியில் நமக்கு 40, அவர்களுக்கு 5. நம் எல்லையை இறக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: புகைக்கு வெல்லம், வாழைப்பழம் சாப்பிட்டால் போதுமா?

போதாது. சுகர் இருந்தால் வெல்லமும் ஆகாது. அந்தக் காசுக்குத் தொழிற்சாலையில் மாஸ்க் கேளுங்கள்.

தஞ்சாவூர்: கொசுவத்தி?

மூடிய அறையில் ராத்திரி முழுக்க எரிப்பது புகைபிடிப்பதற்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொசுவலை கட்டுங்கள்.

ஈரோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 58 வயது. கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்புதான். கேஸ் வந்தும் சிலிண்டர் விலைக்குப் பயந்து டீக்கு மட்டும்தான் பற்ற வைக்கிறார். தண்ணீர்க் குடம் தூக்கி வந்தால் நெஞ்சில் வாயு அடைக்கிறது என்கிறார், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது.

உங்கள் கேள்வியைத்தான் முதலில் படித்தேன், உடனே தனியாகப் பதிலும் அனுப்பினேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன். பாரம் தூக்கினால் அடைப்பதும் உட்கார்ந்தால் விடுவதும் வாயுவின் குணம் இல்லை. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது இப்படித்தான் வரும். நம் பெண்கள் இதை வாயு, அசதி என்று சொல்லிச் சொல்லியே ஓமத் தண்ணீரிலும் ஜெலுசிலிலும் நாளைக் கடத்திவிடுகிறார்கள். அம்மா பீடி பிடித்ததில்லை என்பதால் டாக்டருக்கும் சந்தேகம் வராமல் போகலாம். எத்தனை வருடம் விறகுப் புகையில் நின்றார் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சமையலைக் கேஸுக்கு மாற்றி, குளிக்கும் வெந்நீரை மட்டும் வெளியில் விறகில் வைத்தால்கூட பெரிய மாற்றம்தான். அடுப்பு பற்ற வைக்க பிளாஸ்டிக் கவர் போடவே கூடாது. ஆனால் அடுப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரி. இந்த வாரமே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நார்மலாகவே வரலாம், அதோடு திரும்பிவிடாமல் எக்கோவும் (இதயத்தை ஸ்கேன் செய்வது) டிரெட்மில் பரிசோதனையும் (நடக்க வைத்து ஈசிஜி பார்ப்பது) தேவையா என்று கேளுங்கள். அதற்குள் உட்கார்ந்திருக்கும்போதே அடைத்தாலோ, வியர்த்தாலோ, கையிலோ தாடையிலோ வலி இறங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.